இன்னும் ஆகாத எட்டரை

ஒரே ஒரு வீடாம். அந்த வீட்டில் ரெண்டே ரெண்டு பெட்டியாம். ஒரு பெட்டி வைத்த இடத்தைவிட்டு அசையாதாம், மற்றது மடிக்கு மடி மாறித் திரியுமாம், ஒன்று விழுங்கியதை இன்னொன்றும் விழுங்கியாகவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டமாம். தாத்தா இருந்திருந்தால் இப்படித் தொடங்கி நடுவில் ஒரு பூதத்தையும் உள்ளே விட்டிருப்பார், பூதம் வந்துவிட்டால் பிறகு யார் மேலும் குற்றமில்லை. இங்கே பூதம் இல்லை, நான்தான் இருக்கிறேன், முன்னறையில், டெஸ்க்டாப் முன்னால், என் கைபேசிப்படி காலை எட்டு இருபத்தாறுக்கு. திரையில் பச்சை டிக். ஒரு ஃபைல் புதுப்பிக்கப்பட்டது, பிழை ஏதும் இல்லை. ஃபைலைத் திறந்தால் மூன்று பக்கம். மூடிவிட்டுத் திறந்தாலும் மூன்று பக்கம். எட்டு இருக்கவேண்டும். வடிவு அக்கா ஐந்து மணியிலிருந்து மாடி அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அடித்தது எட்டுப் பக்கம், இறங்கி வந்து, "எட்டு வந்திருக்குல, எனக்கே நம்ப முடியல, பிரிண்ட் எடுத்து வையி, குளிச்சிட்டு வந்துருதேன்" என்று லேப்டாப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிரிண்டர் டெஸ்க்டாப் சொன்னால் மட்டும்தான் கேட்கும். அதனால் ரெண்டு பெட்டியையும் ஒன்றுபோல ஆக்குகிற சிங்க் பொத்தானை அழுத்தினேன், எத்தனையோ நூறு தடவை அழுத்திய பொத்தான், அது லேப்டாப்பின் எட்டை இங்கே கொண்டுவருவதற்குப் பதில் இங்கே கிடந்த மூன்றைக் கொண்டுபோய் அதன் தலையில் கவிழ்த்துவிட்டது. இப்போது ரெண்டு பெட்டியிலும் மூன்று. ரெண்டும் ஒத்துப்போய்விட்டன. ஒத்துப்போகவேண்டும் என்றுதானே வைத்தது.

குளியலறையில் தண்ணீர் விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கட்டும், தொட்டி காலியாகட்டும், மோட்டார் போடச் சொல்லட்டும், இன்னும் கொஞ்ச நேரம். பத்தரைக்கு அக்கா திருநெல்வேலியில், குடும்ப நல நீதிமன்றத்தில், ஆலோசகர் முன்னால் இருக்கவேண்டும், சேரன்மகாதேவியிலிருந்து ஒன்பது முப்பத்தைந்துக்கு பஸ். போன தடவை அங்கே அத்தான் நன்றாகப் பேசினாராம். வெளியில் அத்தான் எப்போதும் நன்றாகத்தான் பேசுவார். அக்கா ஒன்றரை மணி நேரமும் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தாள், வாய் வரவில்லை என்றாள். அந்த ஆலோசகர் அம்மா, "பேச வரலன்னா எழுதிக் கொண்டாங்க, உங்க வார்த்தையில, யாரும் சொல்லிக் குடுக்காம" என்றாராம். இன்றைக்கும் வெறும் கையோடு போனால் இன்னும் ஆறு மாசம் சேர்ந்து இருந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அந்த வீட்டுக்கு, அதுதான் அக்காவின் பயம், இரண்டு வாரமாகச் சாப்பிடாமல் இருப்பதும் அதனால்தான். இந்த மூன்று பக்கமோ அப்பாவுடையது. அப்பா நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தது. மேற்படி தம்பதியரிடையே சிற்சில மனத்தாங்கல்கள் ஏற்பட்டிருந்தபோதிலும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர், மேற்படி பேருந்து, மேற்படி ஓட்டுநர், தாமதத்துக்கான காரணம், அப்படித்தான் அவருக்கு எழுத வரும், மகள் கதையும் அவருக்குக் கொஞ்சம் தாமதமாக வந்த பேருந்துதான். அக்கா அதை வாசித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இன்று விடியற்காலையில் அதே ஃபைலை லேப்டாப்பில் திறந்து, மேலே இருந்த நீதிமன்றத்தின் பெயரையும் தேதியையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். வேறு பெயரில் சேமித்திருக்கக் கூடாதா. வேறு பெயரில் சேமி என்று நானாவது சொல்லியிருக்கக் கூடாதா. ஆறரைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் சொன்னது "நல்லாருக்கு" என்று, வாசிக்காமலே. ஒரு வரிதான் கண்ணில் பட்டது. அவர் என்னை அடித்ததில்லை, அதனால்தான் இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எட்டுப் பக்கத்தில் மிச்சம் அந்த ஒரு வரிதான், அதுவும் என் தலைக்குள்.

லேப்டாப்பின் குப்பைத்தொட்டியைத் திறக்கிறேன், நாலு பழைய பாட்டு. டெஸ்க்டாப்பின் குப்பைத்தொட்டி, காலி, அப்பா தினமும் காலி செய்துவிடுவார், வீட்டுக் குப்பைக்கும் இதற்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை. தற்காலிகப் பிரதி ஏதாவது, இல்லை, அக்கா எதையும் ஒழுங்காக மூடி அணைக்கிறவள், கரண்ட் போய் அரைகுறையாக அணைந்திருந்தால் ஒரு பிரதி தங்கியிருக்கும், ஒழுக்கமாக மூடியதற்குத் தண்டனை. சிங்க் செய்யும் அந்தப் ப்ரோகிராமின் உள்ளே போகிறேன். பழைய பிரதியை ஒரு ஓரத்தில் எடுத்துவைக்கவா என்று ஒரு கட்டம், அதில் டிக்கை எடுத்தவன் நான், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் உங்களைக் கேட்கவா என்று இன்னொரு கட்டம், அதிலும் டிக்கை எடுத்தவன் நான். கேள்வி வந்தால் அப்பா எதையாவது அழுத்திவிடுவார் என்று வீட்டில் சொன்னேன். அது சாக்கு. எனக்குக் கேள்வியே ஆகாது, இதுவா அதுவா, நீ யார் பக்கம், சொல்லு சொல்லு என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன், என்னை எல்லாரும் சத்தம் இல்லாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்பார்கள், தங்கத்துக்கும் சத்தம் இல்லைதான். அதனால் கேட்காதே, எது புதியதோ அதை வைத்துக்கொள், பழையதைத் தள்ளிவிடு என்று வைத்தேன். சரி, அப்படித்தானே செய்யவேண்டும். புதியதைத்தானே வைத்திருக்கவேண்டும். அக்கா எட்டு இருபதுக்குச் சேமித்தாள், அதைவிடப் புதியது எது?

தண்ணீர் நின்றுவிட்டது. தலையில் துண்டோடு அக்கா வாசற்படியில். "எடுத்துட்டியால?" நான் லேப்டாப்பைப் பாதி மூடுகிறேன், ஏன் மூடுகிறேன், திருடன் மாதிரி. "எடுத்துக்கிட்டே இருக்கேன்க்கா." "எட்டு பக்கத்துக்கு எம்புட்டு நேரம்?" "மை காஞ்சிருக்கு, கொஞ்சம் சூடாவணும்." "மை சூடாவணுமா? அது என்ன இட்லிச் சட்டியா?" சிரித்தாள். எத்தனை மாசம் கழித்துச் சிரிக்கிறாள், இந்த நேரம் பார்த்துத்தானா. எழுதி முடித்ததால் சிரிக்கிறாள், எதையோ இறக்கிவைத்துவிட்ட முகம், அதை இறக்கிவைத்த இடத்தை நான் துடைத்துவிட்டேன். "சீக்கிரம், நான் சேலையக் கட்டிட்டு வாரேன்" என்று போகிறாள். சொல்லியிருக்கலாம். இப்போதே கூப்பிட்டுச் சொல்லலாம். எக்கா. வாய் அந்த அளவுக்குத் திறக்கிறது, அதற்குமேல் திறக்கவில்லை. முதலில் கண்டுபிடித்துவிடுவோம், கண்டுபிடித்துவிட்டால் சொல்லவேண்டியதே இல்லையே.

ஃபைலின் விவரத்தைப் பார்க்கிறேன். கடைசியாக மாற்றப்பட்டது எட்டு முப்பது. எட்டு முப்பதா? இந்த மூன்று பக்கத்தை நான்தான் கடைசியாகத் தொட்டேன், கோர்ட்டில் இடப்பக்கம் துளை போடுவார்கள், ஓரம் அதிகமாக விடு என்று அப்பா சொன்னதற்காகத் திறந்து ஓரத்தை மாற்றிச் சேமித்தேன், ரேடியோவில் எட்டு மணிச் செய்தி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, எட்டு ஐந்து. பொத்தானை அழுத்தியபோது கைபேசியில் எட்டு இருபத்தைந்து. அப்படியென்றால் அந்த எட்டரை அப்போது ஆகவே இல்லை. இன்னும் ஆகாத எட்டரைக்குச் சேமித்த ஃபைல். திரையின் மூலையைப் பார்க்கிறேன், ஒன்பது ஆறு. கைபேசியைப் பார்க்கிறேன், எட்டு நாற்பத்தொன்று. இருபத்தைந்து நிமிஷம். சுவரைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, அங்கே ஒன்பது ஆறுதான் இருக்கும், இந்த வீட்டின் சுவர்க் கடிகாரம் நான் பிறந்ததிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் முன்னால் ஓடுவது, குடும்பஸ்தன் நேரத்துக்குக் கிளம்பமாட்டான், கடிகாரத்தைத்தான் முன்னால் ஓடவிடவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. நாங்கள் யாரும் அதை நம்பியதில்லை. பார்த்த உடனே இருபத்தைந்தைக் கழித்துக்கொள்வோம், கண் இமைப்பது மாதிரி, கழிக்கிறோம் என்பதே தெரியாது, விருந்தாளி வந்தால் மட்டும் பதறி எழுந்திருப்பார்கள். திரையின் மூலையில் இருந்ததையும் இத்தனை மாசமாகக் கழித்தே பார்த்திருக்கிறேன். "எப்பா." அப்பா பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார். "எப்பா, கம்ப்யூட்டர்ல டைம மாத்துனது நீங்களா?" "என்னது? வாயத் தொறந்து பேசுல." "டைமு." "ஆமா. தீவாளிக்கு முந்தியே மாத்தியாச்சே. செவுத்துல ஒண்ணு காட்டுது, பெட்டியில ஒண்ணு காட்டுது, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு டைமு எப்படிடே இருக்கும்? மாத்தினா அதுவா பழையபடி போயிருது, சனியன். பொறவு நோண்டிப் பாத்தா உள்ள ஒரு ஸ்விட்சு, தானா திருத்திக்கிடுதது. அத அமத்திப்புட்டேன்." பேப்பர் ஓரத்தில் முகத்தைக் காட்டிப் பெருமையாக ஒரு பார்வை. "ஒனக்குக்கூடத் தெரியல பாத்தியா."

தெரியவில்லை. கத்தவேண்டும்போல இருக்கிறது, யாரைப் பார்த்துக் கத்துவது, கடிகாரத்தையா, இந்த வீட்டில் அந்த நேரத்தை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் அந்தப் ப்ரோகிராம்தான், அதுமட்டும்தான் கழித்துப் பார்க்கத் தெரியாமல் அப்பா சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டது, அப்பாவின் மூன்று பக்கம் எட்டரை, அக்காவின் எட்டுப் பக்கம் எட்டு இருபது, அப்பாவுடையது புதியது, வைத்துக்கொள், அக்காவுடையது பழையது, தள்ளு. தீபாவளியிலிருந்தா. அப்படியென்றால் கார்த்திகையில் என் வேலை விண்ணப்பம் பழையபடி ஆனது இதனால்தான், தை மாசம் ரெண்டு நாள் அடித்த பட்டியல் காணாமல் போனது இதனால்தான். வைரஸ் என்றேன், வைஃபை என்றேன், எனக்குத்தான் மறதி என்று டாக்டரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன். இங்கே சேமித்துவிட்டு உடனே அங்கே போய்த் திருத்தியதெல்லாம், இருபத்தைந்து நிமிஷத்துக்குள் சுறுசுறுப்பாகச் செய்ததெல்லாம் போயிற்று. சேமித்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து செய்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத நோய், சோம்பேறியை ஒன்றும் செய்யாது. கண்டுபிடித்தாயிற்று, சரி, கண்டுபிடித்து என்ன. அந்த எட்டு வந்துவிட்டதா.

அழித்ததை மீட்கும் ப்ரோகிராம் ஒன்று பென் டிரைவில் இருக்கிறது. லேப்டாப்பில் செருகி ஓடவிடுகிறேன். பன்னிரண்டு சதவீதம். எட்டு ஐம்பது. அது டிஸ்க்கை மண்வெட்டி போட்டுக் கிளறுவது மாதிரிக் கிளறி, கிடைத்ததையெல்லாம் மேலே போடுகிறது. முப்பத்தொன்று. முதலில் ஏதோ பில், பிறகு ஒரு பூனைப் படம், பிறகு அத்தான் மாலையோடு. அக்கா மாலையோடு. பந்தி. மறுபடி அத்தான், சிரிக்கிறார், பல் எல்லாம் தெரிய. கல்யாணப் படம் முந்நூறையும் அக்கா ஒரு நாள் உட்கார்ந்து அழித்தாள், நான் பார்த்தேன், ஒவ்வொன்றாக அழித்தாள், மொத்தமாக அழிக்கலாம்க்கா என்றதற்கு வேண்டாம் என்றாள். அவள் வேண்டாம் என்று போட்டதெல்லாம் வரிசையாக எழுந்து வருகிறது, வேண்டும் என்றது மட்டும் வரவில்லை. நாற்பத்தெட்டு. அத்தான் தாலி கட்டக் குனிகிறார். இவர் என்னதான் செய்தார் என்று நான் அக்காவிடம் கேட்டதே இல்லை. போன ஆனியில் அவள் ஒரு பெட்டியோடு வந்து நின்ற அன்று அப்பா கேட்டார், மூன்றே கேள்வி. அடிச்சானா. இல்லப்பா. குடிச்சானா. இல்லப்பா. வேற பொம்பள சகவாசமா. இல்லப்பா. பொறவு? அந்தப் பொறவுக்கு அக்கா பதில் சொல்லவில்லை, அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் வைத்தேன், இந்த வீட்டில் மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு கொடுக்காமல் எட்டு மாசம் இருந்துவிட்டோம், பேசாமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு. ஐம்பத்தாறு. அதோடு மெதுவாகிவிட்டது, ஓடி முடிய இன்னும் ஒரு மணி நேரம் என்கிறது. பஸ் போய்விடும். அறைக்குள் அக்கா ஏதோ மெல்லப் பாடிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள், நான் சொல்லாமல் தள்ளுகிற ஒவ்வொரு நிமிஷமும் அவளுடையது, அவளுடைய நிமிஷத்தை எடுத்துத்தான் நான் தைரியம் வராததற்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்திரு. கதவுவரை போ. "எக்கா." "வந்துட்டேன்ல." "எக்கா, எட்டும் அழிஞ்சுட்டு. நான்தான். சிங்க் பண்ணும்போது அப்பா சொன்னது மேல வந்து ஏறிட்டு. ரெண்டுலயும் இல்ல."

பாட்டு நின்றது. சேலையின் ஊக்கு ஒன்று பல்லில் இருந்தது, அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை, அது இன்னும் மோசம். "எட்டுமா?" "ஆமாக்கா." "மொதப் பக்கம்கூட இல்லையா?" "இல்ல." அப்பா பேப்பரை மடித்தார். "அந்த மூணு பக்கம் இருக்குல்லா? அதக் கொண்டு போ. நறுவிசா எழுதிருக்கு, படிக்கிறவங்களுக்கும் சங்கடம் இல்ல." அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மணி என்னல?" "ஒம்பது ஆவுது. நெசமான ஒம்பது." "அந்த ஃபைல மூடு. புதுசா ஒண்ணு தொற. நான் சொல்லுதேன், நீ அடி."

உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள், முதல் வரி எனக்குத் தெரிந்த வரிதான், ஆனால் திரையில் பார்த்தது மாதிரி இல்லை, "அவுக என்னைய அடிச்சதே இல்ல" என்று வந்தது, அப்படியே அடித்தேன். பிறகு நின்றுவிட்டாள். விசைப்பலகைமேல் என் விரல்கள் காத்துக்கொண்டு நிற்கின்றன, என்னையறியாமல் "ம்" என்றேன், தாத்தா கதை சொல்லும்போது ம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், அந்தப் பழக்கம். "மொதல்ல எட்டு நாள் பேசல. எதுக்குன்னு தெரியாது. நான் பேசினா சுவர் இருக்க மாதிரி இருப்பாரு. ஃபோன் வந்தா எந்திரிச்சுப் போயி நல்லா சிரிச்சுப் பேசுவாரு. ஒம்பதாம் நாள் சட்டை எங்கன்னாரு. அவ்வளவுதான், சரியாப் போச்சுன்னு நெனச்சேன்." ம். "பொறவு இருபது நாள். நான் வச்ச சோத்தத் தின்னுவாரு, தட்டைக் கழுவி வைப்பாரு, நான் நிக்கிற எடத்தைச் சுத்திப் போவாரு. காஸ் சிலிண்டர் கொண்டாந்த அண்ணாச்சிகிட்ட நின்னு நின்னு பேசினேன், அவருக்கு வேற வீட்டுக்குப் போணும், நான் விடல. எதுத்த வீட்டுல போயி உப்பு கேட்டேன். வீட்டுல உப்பு இருக்கு. வா வடிவுன்னு ஒரு ஆள் சொல்லதக் கேக்கதுக்குப் போனேன்." ம். என் விரல் பின்தங்குகிறது, பிழை பிழையாக விழுகிறது, திருத்தவில்லை. "கடைசியா நாப்பத்தோரு நாள்." "நாப்பத்தோரு நாளா?" இது அப்பா. பேப்பர் மடியில் கிடந்தது. "நான் எண்ணினேன்ப்பா. நீங்க ஃபோன் பண்ணினீங்க, நல்லாருக்கேன்னு சொன்னேன்லா, அது பதினேழாவது நாள். என்னம்மா சத்தமே வரலன்னு கேட்டீங்க. இங்க மழைப்பான்னு சொன்னேன். மழை இல்ல. தொண்டை அப்படித்தான் இருந்துது, பேசிப் பழக்கம் விட்டுப்போயி." அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இதெல்லாமா அங்க போயி" என்று தொடங்கினார், வாக்கியத்தை முடிக்கவில்லை, மேற்படி என்பதற்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் இதை அடிக்கவேண்டுமா, அப்பாவிடம் சொன்னதா, அங்கே சொல்லவேண்டியதா. அடித்தேன். "நாப்பத்தோராம் நாள் ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு என் பேரை நானே கூப்பிட்டுப் பாத்தேன். மறுநாள்தான் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன்." ம் கொட்ட எனக்கு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றரைப் பக்கம். ஒன்பது இருபத்திரண்டு. "பிரிண்ட் போடட்டாக்கா? ரெண்டு நிமிஷம்தான், பிழை இருக்கு, இருந்தாப் பரவால்ல." அக்கா எழுந்து கையில் வைத்திருந்த ஊக்கைத் தோளில் குத்திக்கொண்டாள், கைப்பையை எடுத்தாள். "வேண்டாம்ல." "எக்கா, நான் வேணும்னு..." "வாய் வரலன்னுதான எழுதச் சொன்னாங்க. இப்ப வருதே." குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "பஸ்ல போம்போது இன்னொரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். பக்கத்துல இருக்கவங்க பைத்தியம்னு நெனைக்கட்டும்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நீ நாசமாப் போவ, எட்டுப் பக்கம்ல" என்று என்னைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள், அது திட்டுதான், நான் அதை வாங்கிக்கொண்டேன், கேட்டைத் திறந்து போய்விட்டாள். நான் கேட்டுக்கு வந்து நின்றேன். பின்னால் அப்பா, சட்டையின் பொத்தான் ஒன்று தவறிய துளையில் மாட்டியிருக்க, குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார், வெயிலும் இல்லை மழையும் இல்லை. "எப்பா, எங்க?" "அந்தப் பக்கமா ஒரு சோலி இருக்கு." "எந்தப் பக்கம்?" அவர் கேட்டைத் தாண்டிவிட்டார். அக்கா வேகமாக நடக்கிறவள், அப்பாவுக்கு முட்டி வலி, இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்து வீடு இருந்தது, பிறகு ஏழு வீடு. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. தெருமுனையில் வலப்பக்கம் பஸ் ஸ்டாண்ட், இடப்பக்கம் அவர் தினமும் போய் உட்கார்கிற நூலகம். அக்கா வலப்பக்கம் திரும்பி மறைந்தாள். அப்பா முனைக்குப் போய்ச் சேர்ந்து நின்றார், குனிந்து செருப்பு வாரை ஏதோ சரிசெய்தார், இடப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். நின்றார். பிறகு குடையைக் கை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார்.